தலைப்பாகை ஆணையும் வேலூர்ப் புரட்சியும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டில் வழங்கிவரும் பழமொழி. மாணவர்களாகிய நீங்கள் இதனைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். கேட்டுச் சிரித்தும் இருப்பீர்கள். உடுத்தும் துணி ஒருவனுடைய பாதியாவது எங்ஙனம்? தலையில் கட்டிய துண்டை மாற்றிக் கட்டினால் மனிதனே மாறிவிடுவானா? இவ்வாறு கேட்பது எளிது. ஆனால் வரலாற்று ஏட்டைப் புரட்டினால், உடையைப் பற்றிய ஒரு சிறிய ஆணை நூற்றுக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட நிகழ்ச்சி நம் தமிழ்நாட்டிலேயே உண்டு என்பது தெரியவரும். அந்த நிகழ்ச்சியையும், அதிலிருந்து நாம் அறியவேண்டுவதையும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் வாழ்வது மதுரையில். இந்நகரின் வெளிவீதிகளில் நடந்திருப்பவர்கள் பலர். அவ்வீதிகளுக்கு அப்பெயர் வந்த காரணத்தை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. மதுரை ஒருகாலத்தில் கோட்டை நகரம். சுற்றிலும் மதிலும் அகழியும் இருந்தன. 1840ஆம் ஆண்டுகளில் பிளாக்பர்ன் என்னும் கலெக்டர் அம்மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரை விரிவாக்கினார். அப்பணியில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் இன்றும் வீதிப் பெயர்களாக நிலைத்திருக்கின்றன. மதில் மறைந்தது, ஆனால் அம்மதிலுக்குள் இருந்த படைவீரர்களின் வரலாறு மறையவில்லை.

கும்பெனியார் தென்னாட்டில் சிப்பாய்ப் படைகளைத் திரட்டிய தொடக்க காலத்திலேயே மதுரைக்கு அவ்வரலாற்றில் இடமுண்டு. மருதநாயகம் என்று நாம் அழைக்கும் யூசுப்கான் கும்பெனிச் சிப்பாய்களின் தலைவராக உயர்ந்து, மதுரைச் சீமையை ஆண்டு, பின்னர் அக்கும்பெனியையே எதிர்த்து நின்றார். 1764ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் மதுரைக்கு அருகே அவர் தூக்கிலிடப்பட்டார். இன்று சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. கும்பெனியின் ஊதியத்தைப் பெற்றவன் கும்பெனிக்கே எல்லாவற்றையும் விற்றுவிட்டவன் அல்லன் என்பதை அவருடைய வாழ்வு அன்றே எடுத்துக்காட்டியது.

அக்காலத்துச் சிப்பாயின் தோற்றம் எப்படி இருந்தது? மேலே ஆங்கிலேயரின் சிவப்புச் சட்டை, கீழே முழங்காலுக்கு மேல் நிற்கும் குட்டைக் காற்சட்டை, தலையில் தலைப்பாகை, நெற்றியில் திருநீறோ நாமமோ, காதில் கடுக்கன், அவரவர் குல வழக்கப்படி மீசை, முஸ்லிம் வீரராயின் தாடி. பாதி உடல் கும்பெனியினுடையதாகவும், பாதி உடல் தன்னுடையதாகவும் அவன் நின்றான் என்று சொல்லலாம். சட்டை எசமானன் கொடுத்தது. நெற்றியும் காதும் தலையும் தன் தாய்தந்தையர் கொடுத்தவை. சொல்லப்படாத இந்த உடன்படிக்கை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக்காலம் நிலவியது. இரு சாராரும் அதன்படி நடந்தனர். கும்பெனிக்காகச் சிப்பாய்கள் கர்நாடகத்திலும் மைசூரிலும் போரிட்டு மடிந்தனர்.

இவ்வுடன்படிக்கையை உடைத்தது ஒரு காகிதம்.

1805ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் வில்லியம் பெண்டிங். படைத்தலைவராக இருந்தவர் சர் ஜான் கிரடாக். இருவரும் இந்நாட்டிற்கு வந்து நீண்ட காலம் ஆகவில்லை. படையின் விதிகள் பலவாறு சிதறிக் கிடப்பதைக் கண்ட கிரடாக் அவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்த விரும்பினார். அது குற்றமன்று, எந்தப் படைக்கும் ஒழுங்கு வேண்டும். அவ்வாண்டு நவம்பரில் புதிய தலைப்பாகை ஒன்றிற்கு ஆணை பிறந்தது. 1806ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் விதித்தொகுப்பும் அரசாங்க ஒப்புதல் பெற்றது. அதன் பத்தாம் பத்திதான் கேட்டிற்கு வித்து. சீருடையில் இருக்கும்போது எந்தச் சிப்பாயும் சாதியைக் குறிக்கும் அடையாளத்தை முகத்தில் இட்டுக்கொள்ளலாகாது, காதணி அணியலாகாது, அணிவகுப்பிலும் பணியிலும் தாடியை முற்றும் மழித்திருத்தல் வேண்டும், மேலுதட்டு மயிரின் அளவும் வடிவும்கூட இயன்றவரை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும் என்பது அப்பத்தியின் சாரம்.

விதியைத் தொகுத்தவர்கள் நோக்கில் இவை அனைத்தும் அற்ப விஷயங்கள். கொஞ்சம் திருநீறு, ஒரு கடுக்கன், சில அங்குல மயிர். ஆனால் சிப்பாயின் பக்கம் நின்று இவற்றைப் பாருங்கள்.

நம் மதுரைப் பக்கத்துக் காதணி விழாவை நீங்கள் அறிவீர்கள். குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்தி, உற்றார் உறவினர் சூழக் காது குத்துவார்கள். சீர் வரும், விருந்து நடக்கும், மொய் எழுதுவார்கள். காதில் ஏறுவது இரண்டு சிறு பொன்மணிதான்; ஆனால் அது தாய்வழி உறவின் முத்திரை. அதைக் கழற்று என்று ஒரு வீரனிடம் சொன்னால் அவன் செவியில் விழுவது, "உன் மாமனை மற, உன் குலசாமியை மற" என்ற ஆணையே. தாடியும் அவ்வாறே. மார்க்கத்தின் வழியென ஒருவன் போற்றி வளர்த்ததைப் படை வரிசையில் நிற்க மழித்துவிட்டு அவன் தன் வீட்டிற்கு எவ்வாறு செல்வான்?

தலைப்பாகை இவற்றினும் கொடியதாகப்பட்டது. புதிய தலைப்பாகை பெயரளவில் தலைப்பாகை. பார்வைக்கு ஆங்கிலேயரின் தொப்பி. அதில் தோலினால் ஆன பட்டை இருந்தது; மேலே குஞ்சம் இருந்தது. எந்த விலங்கின் தோலோ என்று இந்துவும் ஐயுற்றான், முஸ்லிமும் ஐயுற்றான். மேற்சட்டையில் தொங்கவிட்ட திருகுக் கருவியோ சிலுவையைப் போல் தோன்றியது. தொப்பி அணிந்தவர் என்றால் பரங்கியர் என்பது அக்காலத்து மக்கள் பேச்சு. இதை அணிந்துகொண்டு வீதியில் சென்ற சிப்பாய்களை ஊரார் ஏளனம் செய்தனர். இனி உங்களோடு யார் உண்பார், யார் பெண் கொடுப்பார் என்று கேட்டனர். மதமாற்றம் செய்வதே அரசாங்கத்தின் உள்நோக்கம் என்ற அச்சம் பரவியது. அத்தகைய உள்நோக்கம் விதி எழுதியவர்களுக்கு இருந்ததாகச் சான்றில்லை. ஆனால் சிப்பாயின் அச்சம் மெய்யான அச்சம். அதை மாற்றக்கூடிய சொல்லை அவனிடம் எவரும் சொல்லவில்லை.

இங்கே ஒரு வியப்பை நீங்கள் கவனிக்கவேண்டும். உடையின் பொருளை ஆங்கில அரசு அறியாததன்று. ஸ்காத்லாந்தின் மலைநாட்டு மக்கள் 1745இல் கிளர்ச்சி செய்தபோது, அதை அடக்கிய பின் 1746இல் அவர்களுடைய மரபுடையை அணியலாகாது என்று சட்டமே இயற்றினார்கள். அச்சட்டம் 1782 வரை நீடித்தது. அதே காலத்தில் அரசரின் படையில் சேர்ந்த மலைநாட்டு வீரருக்கு மட்டும் அவ்வுடை அனுமதிக்கப்பட்டது. உடை ஓர் இனத்தின் மானம் என்பதை நன்கறிந்துதான் அதைத் தடுத்தனர். அறிந்துதான் படைவீரனுக்குக் கொடுத்தனர். தம் தீவில் அறிந்த பாடத்தை வேலூரில் மறந்தனர். இன்னொன்றும் சொல்லலாம். அக்காலத்து ஆங்கிலப் படைவீரனும் தலைமயிரைப் பின்னலாக முடிந்து முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தவனே. 1808இல்தான் அப்படையில் அப்பின்னல் ஒழிக்கப்பட்டது. பின்னல் முடிந்தவர்கள் நம்மவர் தாடியைக் குறைகூறினர்!

புதிய தலைப்பாகையை முதலில் மறுத்தவர்கள் வேலூர்க் கோட்டையில் இருந்த நான்காம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தார். 1806 மே மாதத்தில் அவர்கள் மறுத்தபோது, காரணம் கேட்பதற்கு முன்பே கைது செய்தனர். முன்னின்ற இருபத்தொரு பேரைச் சென்னைக்கு அனுப்பி விசாரித்தனர். அவர்களுள் இந்துக்களும் இருந்தனர்; முஸ்லிம்களும் இருந்தனர். இருவருக்குக் கசையடியும் பணிநீக்கமும் கிடைத்தன. மற்றவர்கள் மன்னிப்பு வேண்டி அடியிலிருந்து தப்பினர். அந்தப் பட்டாளம் வேலூரிலிருந்து மாற்றப்பட்டது. மேலிடத்தார் காரியம் முடிந்தது என்று நினைத்தனர். உண்மையில் முடிந்தது வெளிப்படையான பேச்சு மட்டுமே. வாய்திறந்தவன் முதுகு கிழிந்ததைக் கண்ட பின், மற்றவர்கள் இரவில் பேசத் தொடங்கினர்.

அக்கோட்டையில் வேறொரு நெருப்பும் நீறுபூத்துக் கிடந்தது. 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பின், அவருடைய மைந்தர்களையும் குடும்பத்தாரையும் வேலூர்க் கோட்டைக்குள்தான் கும்பெனியார் காவலில் வைத்திருந்தனர். மைசூரிலிருந்து அவர்களைச் சார்ந்த மக்கள் பலர் வேலூரில் வந்து குடியேறியிருந்தனர். நம் தென்சீமையிலும் புண் ஆறவில்லை. 1801இல் பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1ஆம் நாள் வெளியான பிரகடனத்தால் பாளையத்து மக்கள் ஆயுதம் தாங்கும் உரிமையை இழந்தனர். காளையார்கோயில் முற்றுகையை நடத்திய கர்னல் அக்னியூ, 1806இல் சென்னைப் படையின் தலைமை நிர்வாகப் பதவியில் இருந்தார். புதிய ஆணைகள் அவருடைய அலுவலகத்தின் வழியாகவே சென்றன. வேலும் வளரியும் பிடித்த கைகளிலிருந்து அவற்றைப் பிடுங்கி ஐந்தாண்டுகூட நிறையவில்லை. இப்போது நெற்றியையும் முகத்தையும் தொட வந்துவிட்டார்கள் என்று தென்னாட்டார் எண்ணியிருந்தால் அதில் வியப்பென்ன?

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. ஜூன் மாதத்தில் முஸ்தபா பெக் என்ற சிப்பாய் தன் ஆங்கிலேய அதிகாரியிடம் சென்று, கோட்டையில் சதி உருவாகிறது என்று கூறினான். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? அவன் சொன்னது உண்மையா என்று அப்பட்டாளத்தின் இந்திய அலுவலர்களையே விசாரித்தார்கள். அவர்களுள் பலர் அந்த இரகசியத்தில் பங்குடையவர்கள். "இவன் பித்தன்" என்று அவர்கள் சொல்லிவிட்டனர். சொன்னவனுக்கு விலங்கு பூட்டினார்கள்! பின்னர் எல்லாம் நடந்து முடிந்தபின் அதே மனிதனுக்கு இரண்டாயிரம் வராகனும் சுபேதார் நிலைக்குரிய ஓய்வூதியமும் அளித்தார்கள். அவன் சொல்லை நாட்டிற்கு இரண்டகம் என்பாரும் உண்டு. கடமை என்பாரும் உண்டு. அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்கவேண்டியதில்லை. தம் வீரர்களின் மொழியையும் மனத்தையும் அறியாத அதிகாரிகள், உண்மையைச் சொன்னவனையும் பொய்யைச் சொன்னவரையும் பிரித்தறியும் ஆற்றலை இழந்திருந்தனர் என்பதே நாம் கவனிக்கவேண்டுவது.

1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், பொழுது புலர இன்னும் சில நாழிகை இருந்தது. மறுநாட் காலை அணிவகுப்புப் பயிற்சி இருந்தமையால் சிப்பாய்கள் பலர் அன்றிரவு கோட்டைக்குள்ளேயே தங்கியிருந்தனர். முதல் ரெஜிமெண்டின் இரு பட்டாளங்களும், இருபத்துமூன்றாம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளமும் அங்கே இருந்தன. இவர்களோடு ஆங்கிலேயரின் 69ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த நான்கு கம்பெனிகளும் இருந்தன. திடீரெனத் துப்பாக்கிகள் முழங்கின. காவலர்கள் வீழ்ந்தனர். உறக்கத்திலிருந்த ஆங்கில வீரர்களின் குடியிருப்பின்மீது குண்டுகள் பாய்ந்தன. கோட்டைத் தலைவர் கர்னல் பான்கோர்ட் கொல்லப்பட்டார். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளும் தப்பவில்லை. அன்று மாண்ட ஆங்கிலேயர் நூற்றுக்கு மேற்பட்டவர். கோட்டையின் உச்சியில் மைசூர்க் கொடி ஏறியது.

விடுதலை உணர்ச்சியைப் போற்றும் நாம், நோயாளிகளைக் கொன்றதைப் போற்ற இயலாது. அதைச் சொல்லாமல் விடுவதும் வரலாறாகாது. அதே நேர்மையோடு அடுத்து நடந்ததையும் சொல்லவேண்டும்.

வேலூரிலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆர்க்காட்டில் கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையோடு இருந்தார். செய்தி கிடைத்ததும் விரைந்து வந்தார். அவரோடு வந்தவர்கள் ஆங்கிலக் குதிரைவீரர் மட்டுமல்லர்; சென்னைப் படையைச் சேர்ந்த இந்தியக் குதிரைவீரரும் வந்தனர். உயிர் தப்பிய ஆங்கில வீரர்கள் கோட்டை வாயிலின் மேற்புறத்தில் நின்று போராடிக்கொண்டிருந்தனர். கில்லஸ்பி கயிற்றின் துணையால் மதிலேறி அவர்களோடு சேர்ந்துகொண்டார். பின்னர்ப் பீரங்கிகள் வந்து வாயிலைத் தகர்த்தன. குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. நண்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்த சிப்பாய்கள் ஏறத்தாழ நூற்றுவரை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுக்கொன்றனர். அன்று மாண்ட சிப்பாய்களின் தொகை பல நூறு. விசாரணைக்குப் பின் அறுவரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தனர், ஐவரைச் சுட்டனர், எண்மரைத் தூக்கிலிட்டனர், ஐவரை நாடு கடத்தினர். மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

புரட்சி நடந்த சில நாட்களிலேயே தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. சிப்பாயின் நெற்றி அடையாளமும் கடுக்கனும் தாடியும் அவனுக்கே திரும்பின. மே மாதத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும் காரியம், ஜூலையில் இத்தனை உயிர்களுக்குப் பின் முடிந்தது. பெண்டிங்கும் கிரடாக்கும் 1807இல் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டனர். அதே பெண்டிங் 1828இல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்ததை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள்.

புரட்சிக்குக் காரணம் உடையா, திப்புவின் மைந்தர்களா என்ற வாதம் அன்றே எழுந்தது. ஆணை எழுதியவர்கள் பழியை அரண்மனைமீது சுமத்த விரும்பினர். ஆனால் ஆராய வந்த குழுவினர் இரண்டையும் காரணங்களாகக் கூறினர். என் கருத்தைக் கேட்டால், இரண்டுக்கும் அடியில் மூன்றாவது ஒன்று இருந்தது என்பேன். அதை விளக்குவதற்கு வேலூருக்கு வெளியே இரண்டு ஊர்களைக் காட்டவேண்டும்.

முதலாவது ஐதராபாத்து. அங்கும் கும்பெனிப் படை இருந்தது; அதே ஆணை சென்றது; அதே மனக்குமுறல் எழுந்தது. ஆனால் அங்கிருந்த தளபதி கர்னல் மாண்ட்ரசர் நிலைமையை விசாரித்தறிந்தார். மேலிடத்து மறு உத்தரவுக்குக் காத்திராமல், அந்த ஜூலை மாதத்திலேயே, உடை பற்றிய விதிகளைத் தம் பொறுப்பில் நிறுத்திவைத்தார். குமுறல் தணிந்தது. வேலூரைப் போன்ற இரத்தக்களரி அங்கே நிகழவில்லை.

இரண்டாவது நம் தெற்கே உள்ள பாளையங்கோட்டை. வேலூர்ச் செய்தியால் கலங்கியிருந்த அங்கே, 1806 நவம்பரில் சதி நடக்கிறது என்ற ஐயம் எழுந்தது. மேஜர் வெல்ஷ் என்ற அதிகாரி முஸ்லிம் சிப்பாய்கள் அனைவரையும் ஆயுதம் பறித்துக் கோட்டையை விட்டு வெளியேற்றினார். குற்றம் செய்தவர் இவர், செய்யாதவர் இவர் என்ற பாகுபாடு அங்கே இல்லை. மதம் ஒன்றே அளவுகோலாயிற்று. பின்னர் வெல்ஷ் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு விடுதலை பெற்றார். ஆனால் உண்மையாக உழைத்த வீரனும் ஐயத்திற்குரியவன் ஆனான் என்பது மாறவில்லை.

ஒரே ஆணை, மூன்று ஊர்கள். ஓரிடத்தில் அடித்தனர், ஓரிடத்தில் கேட்டனர், ஓரிடத்தில் அஞ்சினர். விளைவுகள் வெவ்வேறாயின. ஆகவே, உடை திரியாகவும் அரண்மனை எண்ணெயாகவும் இருந்திருக்கலாம். நெருப்பை மூட்டியது, ஆணையிடுபவனுக்கும் பணிபவனுக்கும் இடையே பேச்சற்றுப்போனமையே. தம் குறையை எடுத்துச் சொல்வாரைத் துணையாகக் கொள்ளாத அரசு பகையில்லாமலே கெடும் என்பது வள்ளுவர் வற்புறுத்தும் அரசியல் அறம். வேலூர் அதற்கு ஓர் உரை.

அப்படியானால் சீருடையே வேண்டாமா என்று உங்களுள் சிலர் கேட்கலாம். நான் நெடுங்காலம் பள்ளித் தலைமையாசிரியனாகப் பணிபுரிந்தவன். சீருடையின் பயனை நான் அறிவேன். செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலியாளின் பிள்ளையும் ஒரே துணியை உடுத்தி ஒரே பலகையில் அமர்வதைக் காணும்போது ஆசிரியனுக்கு உண்டாகும் நிறைவு பெரிது. படைக்கும் அஃது இன்றியமையாதது. ஒரே உடை உடுத்தியவன் பக்கத்தில் நிற்பவனைத் தன்னவன் என்று கருதுகிறான். வேலூரில் தவறியது சீருடை அன்று; அதைக் கொண்டுவந்த முறை.

மேலூருக்கு அருகில் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் பணியாற்றியபோது தேசிய மாணவர் படைப் பயிற்சி நடந்தது. நன்றாக அடியெடுத்து வைக்கும் ஒரு மாணவன் தலைமுடியை வெட்டாமல் வளர்த்திருந்தான். வெட்டினால் வரட்டும், இல்லையேல் வெளியேறட்டும் என்றார் பயிற்சியாளர். நான் அவனுடைய தாயாரை வரவழைத்துக் கேட்டேன். "சாமிக்கு நேந்துக்கிட்ட முடிங்கய்யா. அழகர்கோயில்ல இறக்குற வரைக்கும் கத்தரி படக்கூடாதுங்க" என்றார் அந்த அம்மையார். எப்போது இறக்குவீர்கள் என்று கேட்டேன். அடுத்த மாதம் என்றார். ஒரு மாதம் பொறுப்பதால் பாரத நாட்டின் பாதுகாப்புக்குப் பங்கம் வராது என்று பயிற்சியாளரிடம் சொன்னேன். அவரும் சிரித்து ஒப்புக்கொண்டார். மாணவன் தொப்பிக்குள் முடியைச் செருகிக்கொண்டு பின்வரிசையில் நின்றான். முடி இறக்கி மொட்டைத் தலையோடு வந்த நாள் முதல் அவனை முன்வரிசையில் நிறுத்தினார் பயிற்சியாளர். அவ்வளவுதான் காரியம். கேட்பதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

விடுதலை பெற்ற நம் நாட்டின் படையில் சீக்கிய வீரர் தலைப்பாகையோடும் தாடியோடும் பணிபுரிகின்றனர். அவர்களுடைய வீரத்திற்கோ ஒழுங்கிற்கோ அதனால் குறைவு வந்ததில்லை. எனினும் இந்தக் கேள்வி முற்றும் தீர்ந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. விமானப்படை வீரர் ஒருவர் தாடி வைத்துக்கொள்ள உரிமை கோரிய வழக்கில், 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் படையின் விதியையே நிலைநிறுத்தியது. படையின் ஒருமைப்பாடு பெரிதா, தனிமனிதனின் சமய வழக்கம் பெரிதா என்று நல்லோர் இன்றும் வேறுபடுகின்றனர். ஆனால் 1806க்கும் இன்றைக்கும் உள்ள வேற்றுமையைக் காணுங்கள். அன்று கேள்வி கேட்ட வீரனுக்குக் கிடைத்தது கசையடி. இன்று அவன் நாட்டின் உயர்ந்த நீதிபதிகள் முன் வழக்கறிஞரை நிறுத்தித் தன் கட்சியைச் சொல்ல முடிகிறது. தீர்ப்பு எதுவாயினும், சொல்லக் கிடைத்த அந்த இடம்தான் குடியரசு நமக்குத் தந்த செல்வம்.

உடை பற்றிய வரலாற்றில் மதுரைக்கு இன்னுமோர் இடம் உண்டு. 1921 செப்டம்பர் 22ஆம் நாள், மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டிலிருந்து வெளிவந்த காந்தியடிகள், சட்டையையும் தொப்பியையும் துறந்து, ஏழை உழவனைப் போல இடையில் மட்டும் ஆடை தரித்திருந்தார். இறுதிவரை அவருடைய கோலம் அதுவாகவே இருந்தது. 1931இல் இலண்டன் அரண்மனைக்கு அழைக்கப்பட்டபோதும் அதை மாற்றவில்லை. அவர் எவர்மீதும் அந்த உடையைத் திணிக்கவில்லை. தம்மீது தாமே விதித்துக்கொண்டார். ஒரு பேரரசின் ஆணையால் ஒரு கோட்டையின் சிப்பாய்களுக்குத் தலைப்பாகையை மாற்ற முடியவில்லை. எளிய மனிதர் ஒருவர் தம் உடையை மாற்றி ஒரு நாட்டின் மனத்தை மாற்றினார். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

வேலூர்க் கோட்டை இன்றும் அகழி சூழ நிற்கிறது. 1806இல் மாண்ட சிப்பாய்களின் நினைவாக அந்நகரில் தூண் எழுப்பியிருக்கிறார்கள். இருநூறாம் ஆண்டு நிறைவில், 2006இல், இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. வாய்ப்புக் கிடைக்கும்போது அங்கே சென்று வாருங்கள். அக்கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலின் சிற்பங்களைக் காண்பதோடு நில்லாமல், திப்புவின் குடும்பத்தார் இருந்த மாளிகைகளையும் மதிலையும் பாருங்கள்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை படையில் அதிகாரிகளாவீர்கள்; சிலர் கலெக்டர்களாவீர்கள்; சிலர் என்னைப் போல் பள்ளிக்கூடத்தில் மணியடித்து வரிசை நிறுத்துவீர்கள். எல்லோருக்கும் ஒரு நாள் ஒரு காகிதம் மேசைமேல் வரும். அதில் பிறருடைய உடையைப் பற்றியோ, உணவைப் பற்றியோ, பேச்சைப் பற்றியோ ஒரு விதி இருக்கும். எழுதியவருக்கு அது அற்பமாகத் தோன்றும். கையெழுத்திடுமுன், அந்த விதி யாருடைய தலைமேல் ஏறப்போகிறதோ அவரை அழைத்து, உட்காரவைத்து, ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்வதை ஒப்புக்கொள்ளவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.